ஆறு சொட்டு

இளம்பிள்ளையில் அழகு நிலையம் தொடங்கியிருக்கும் தங்கைக்கு,

இளம்பிள்ளைக்கு வளைகாப்புப் புடவை எடுக்க வருகிறவர்கள் புடவையோடு மட்டும் திரும்புவதில்லை. ரவிக்கை தைக்கக் கொடுக்கிறார்கள், வளையல் பார்க்கிறார்கள், அப்படியே மாடியேறி அழகு நிலையத்தில் விசேஷத்துக்கு நாள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கடை கடையாக ஏறி இறங்கிய களைப்பில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் நாற்காலியில் சாய்கிறார். "காலு ரெண்டும் உசுரு போவுது கண்ணு, ஏதாச்சும் தைலம் போட்டு உருவி விடேன்" என்கிறார். அலமாரியில் லாவெண்டர், யூகலிப்டஸ், ரோஸ்மேரி, பெப்பர்மின்ட் என்று விரல் நீளப் பழுப்புக் குப்பிகள். அந்த நேரத்தில் கை எந்தக் குப்பிக்குப் போகிறது, போகத்தான் வேண்டுமா என்பது பற்றியே இந்தக் கடிதம்.

"இலையிலிருந்து எடுத்ததுதானே, என்ன செய்துவிடும்?" என்ற பேச்சு இந்தத் தொழிலில் தினமும் காதில் விழும். கஞ்சமலையின் நிழலில் இருக்கிற ஊர் இளம்பிள்ளை. சித்தர் கோவிலும் மூலிகையும் இங்கே பேச்சில் கலந்தவை, அந்த நம்பிக்கையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் மூலிகை வேறு, அதைக் காய்ச்சி வடித்த எண்ணெய் வேறு. யூகலிப்டஸ் இலையில் எண்ணெய் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். அப்படியானால் 10 மில்லி நீலகிரித் தைலத்துக்குள் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை இலை அடங்கியிருக்கிறது. சளிக்கு ஆவி பிடிக்க வெந்நீரில் ஒரு கைப்பிடி இலையைப் போடுகிற வீட்டில் யாரும் அவ்வளவு இலையைக் கொட்டுவதில்லை. குப்பியைக் கவிழ்க்கும்போது அதுதான் நடக்கிறது.

'எண்ணெய்' என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிப்பது அடுத்த சிக்கல். வித்தை ஆட்டி எடுக்கும் நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் ஒரு வகை. ஆவியில் வடித்த வாசனை எண்ணெய் இன்னொரு வகை. சேலம் மாவட்டத்து மக்களுக்கு ஆமணக்கு புதிதல்ல, ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் தனி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அந்த விளக்கெண்ணெயை வைத்தே அமெரிக்காவில் ஒரு விபரீதம் திரும்பத் திரும்ப நடந்தது. அங்கே கற்பூரம் கரைத்த எண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் பெயர்கள் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும். பேதிக்கென்றும் பிரசவ வலி வரட்டும் என்றும் விளக்கெண்ணெய் குடிக்க நினைத்தவர்கள் குப்பி மாறிக் கற்பூர எண்ணெயைக் குடித்துவிட்டார்கள். அவர்களில் கர்ப்பிணிகளும் இருந்ததை 1960-களிலும் 70-களிலும் அங்குள்ள மருத்துவ இதழ்கள் பதிந்திருக்கின்றன. தாய்க்கு வலிப்பு வந்தது. பனிக்குட நீரிலும் கற்பூரம் இருந்தது. தாய் குடித்தது பிள்ளைவரை போகும் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. 1980-களின் தொடக்கத்தில் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த எண்ணெயின் விற்பனையையே நிறுத்தியது.

நம் பக்கத்துச் செய்தியும் உண்டு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் தாமஸ் மேத்யூவும் அவருடைய குழுவினரும் வலிப்போடு வந்த நோயாளிகளிடம் ஒரு கேள்வியை விடாமல் கேட்டார்கள்: "தைலம் ஏதும் தடவினீர்களா, முகர்ந்தீர்களா?" தென்னிந்திய மருத்துவமனைகளில் நான்கு ஆண்டுகள் நடந்த அந்த ஆய்வு 2021-இல் வெளியானது. 350 பேரில் 55 பேருடைய வலிப்புக்கு யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த தைலங்களோடு தொடர்பு தெரிந்தது. அவர்களில் முன்பு வலிப்பே வராதவர்களும் இருந்தார்கள். தலைவலிக்கு நெற்றியில் தேய்த்ததும் மூக்கடைப்புக்கு முகர்ந்ததும்தான் அவர்களில் பலர் செய்தது.

கர்ப்பிணி விஷயத்தில் இதற்கு இன்னும் கனம் அதிகம். கர்ப்ப காலத்தில் வலிப்பு வந்தால் மருத்துவர் முதலில் ரத்த அழுத்தத்தைத்தான் சந்தேகிப்பார், சந்தேகிக்கவும் வேண்டும். என்ன எண்ணெய் பூசப்பட்டது என்ற தகவல் அவருக்குப் போகாவிட்டால் காரணம் தேடுவதில் நேரம் வீணாகும். நிலையத்தில் யாருக்காவது அப்படி நேர்ந்தால் 108-க்குச் சொல்லிவிட்டு, பூசிய குப்பியையும் ஆம்புலன்ஸிலேயே கொடுத்தனுப்ப வேண்டும்.

வீட்டுக்கு வீடு இருக்கிற கோடாலித் தைலத்தையும் வலி பாம்களையும் ஒருமுறை லேபிளைத் திருப்பிப் படித்துப் பார். மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ், மெத்தில் சாலிசிலேட் என்று இருக்கும். கடைசியில் சொன்னது விண்டர்கிரீன் எண்ணெயின் சாரம். அந்தச் செடி நம் நீலகிரியிலேயே வளர்கிறது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி விண்டர்கிரீன் எண்ணெய் ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். மாத்திரையாக எண்ணினால் இருபதைத் தாண்டும். பட்டாணி அளவு பாமை நெற்றியில் ஒரு நாள் தடவிய கர்ப்பிணி பயப்பட வேண்டியதில்லை. இடுப்பு, தொடை, முதுகு முழுக்க அதைத் தேய்த்து, தினம் வரச்சொல்லி உருவிவிடுவதுதான் ஆபத்து.

தோல் வழியாக உள்ளே போகுமா என்று கேட்பவர்களுக்கு 1992-இல் வியன்னாவில் செய்த ஒரு சோதனையைச் சொல்லலாம். லாவெண்டர் கலந்த எண்ணெயை ஒருவர் வயிற்றில் தேய்த்து, ரத்தத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் லாவெண்டரின் வேதிப்பொருள் ரத்தத்தில் தலைகாட்டியது. இருபது நிமிடத்தை நெருங்கும்போது உச்சம். ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பாலும் வடிந்துவிட்டது. இவை மிகச் சிறிய மூலக்கூறுகள், கொழுப்பில் கரைபவை. நஞ்சுக்கொடி இவற்றுக்குக் கதவடைப்பதில்லை.

கர்ப்பிணியின் பக்கத்திலேயே வரக்கூடாத சில எண்ணெய்கள் இருக்கின்றன. முதலில் பென்னிராயல், புதினா இனத்துச் செடி. 1978-இல் அமெரிக்காவின் கொலராடோவில் 18 வயதுப் பெண் ஒருத்தி கருவைக் கலைக்க எண்ணி அந்த எண்ணெயை 30 மில்லி குடித்தாள். கல்லீரல் கெட்டு, ஒரு வாரத்துக்குள் உயிர் போயிற்று. அவள் நினைத்தது வேறு, குப்பி செய்தது வேறு. மாசிபத்திரி, அருவதா, சேஜ், பார்ஸ்லி விதை, விண்டர்கிரீன், கற்பூரம் இவற்றின் எண்ணெய்களும் அதே தடை வரிசையில் வரும். ரோஸ்மேரியிலும் கற்பூரச் சத்து இருப்பதால் அதையும் தள்ளி வைப்பது நல்லது. பட்டை, கிராம்பு எண்ணெய்கள் தோலை எரிக்கும்.

வசம்பை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயர் வைத்த ஊர் இது. இரவில் அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்று 'பேர் சொல்லாதது' என்பார்கள். ஆனால் இந்திய வசம்பின் எண்ணெயில் பீட்டா அசரோன் மிக அதிகம். புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. பாட்டி சுட்ட வசம்பைக் கல்லில் இழைப்பது ஒரு வழக்கம். அதன் எண்ணெயை வாங்கிக் கர்ப்பிணிக்குப் பூசுவது எந்தப் பாட்டியும் சொல்லிக் கொடுக்காதது.

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லாக் குப்பியையும் குப்பையில் கொட்ட வேண்டாம். பயமுறுத்திப் பிழைக்கிற தொழில் அல்ல இது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனையில் 1990 முதல் 1998 வரை, பிரசவ வலியில் இருந்த 8,058 பெண்களுக்குத் தாதியர் லாவெண்டர், ரோஜா, சாம்பிராணி இனம் உள்ளிட்ட சில எண்ணெய்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றில் ஒருவருக்குத்தான் குமட்டல், அரிப்பு, தலைவலி போன்ற தொந்தரவு. ஈரானில் 2014-இல் வெளிவந்த ஆய்வில், மசக்கையில் தவித்த 100 கர்ப்பிணிகளில் எலுமிச்சை எண்ணெயை முகர்ந்தவர்களுக்குக் குமட்டல் குறைந்தது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனி. ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது பிள்ளை முழு வளர்ச்சி அடைந்த பிறகு, மருத்துவமனைக்குள், பயிற்சி பெற்ற தாதியர் கையால். அந்தத் தாளைக் காட்டி மூன்றாம் மாதத்தில் மசாஜ் செய்வது நியாயமில்லை.

முதல் மூன்று மாதம் எந்த வாசனை எண்ணெயும் வேண்டாம். கருவின் உறுப்புகள் உருவாகும் காலம் அது. பிறகு மருத்துவர் சம்மதித்தால், கர்ப்பிணிக்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டாதே. ஒரு சின்னக் கிண்ணத்தில் 30 மில்லி நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஊற்று. லாவெண்டர் குப்பியைச் சாய்த்துப் பிடி. வாயில் பொருத்திய பிளாஸ்டிக் அடைப்பு வழியாக முதல் சொட்டு விழக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அவசரப்பட்டுக் குலுக்கினால் இரண்டு மூன்று சேர்ந்து விழும், குலுக்காதே. வாய்விட்டு எண்ணு. ஆறு சொட்டு, அதோடு மூடியைத் திருகி வை. முழங்கை மடிப்பில் ஒரு சொட்டுக் கலவையைத் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பதும் இதில் சேர்த்தி. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ கலக்காத சொட்டு நேராகத் தோலில் படக்கூடாது. உள்ளுக்கு ஒரு சொட்டும் கூடாது, தேனில் கலந்தாலும்.

சொட்டு எண்ணுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். கர்ப்பிணியிடம் தாய் சேய் நல அட்டை இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். கடைசி மாதவிலக்குத் தேதி, ரத்த அழுத்தம், முந்தைய கருச்சிதைவு எல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். வலிப்பு, ஆஸ்துமா உண்டா என்று வாயால் கேள். கால் வலி என்றவரின் இரண்டு கெண்டைக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஒன்று மட்டும் வீங்கி, சிவந்து, சுடுகிறதென்றால் அந்தக் காலைத் தொட்டு உருவாதே. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், உருவினால் அது நுரையீரலுக்கு நகரலாம். அவரைச் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவரிடமோ அன்றைக்கே அனுப்ப வேண்டும். அன்று வருமானம் போனாலும் போகட்டும்.

வாங்குகிற குப்பியில் தயாரிப்பாளரின் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, செடியின் தாவரப் பெயர் இருக்கிறதா பார். 'நூறு சதம் தூய்மை' என்ற எழுத்து மட்டும் பெரிதாக இருந்தால் திருப்பிக் கொடு.

வளைகாப்பு முடிந்து, பிள்ளை பிறந்து, அதே பெண் கைக்குழந்தையோடு திரும்பி வருவார். மல்லிகையைப் பற்றி அப்போது ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். பால் வற்ற வேண்டிய தாய்மாருக்கு மார்பில் மல்லிகைச் சரம் கட்டுவது நம் ஊர்களில் பழைய வழக்கம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதைச் சோதித்து 1988-இல் எழுதினார்கள்: பால் நிறுத்தக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரைக்குச் சமமாகப் பூச்சரமும் வேலை செய்தது. தலையில் வைத்த பூவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். பால் கொடுக்கிற அம்மாவின் மார்புப் பக்கம் மல்லிகை எண்ணெயைக் கொண்டுபோகாதே. அவர் மடியில் தூங்குகிற குழந்தைக்குச் சளி என்று சொன்னால், தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவச் சொல்லாதே. அந்த நாளில் யூகலிப்டஸ் குப்பியை அறையில் திறக்கவும் வேண்டாம்.