பேட்டரி மாற்றிய பிறகு சார்ஜ் ஏறவில்லையா?

எங்கள் சர்வீஸ் கடைக்கு வரும் போன்களில் ஒரு வகை எனக்கு எப்போதும் கோபத்தை வரவழைக்கும். வேறு எங்கோ பேட்டரி மாற்றியிருப்பார்கள், சார்ஜ் ஏறாது. "போர்டு போயிடுச்சு, வேற போன் வாங்கிக்குங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். முந்தின நாள் வரை ஒழுங்காகச் சார்ஜ் ஏறிய போன் அது. கழற்றி மாட்டியபோது கை பட்ட இடங்களைப் பார்க்காமல் போர்டின் மேல் பழி போடுவது நியாயமே இல்லை.

சார்ஜர், கேபிள், சார்ஜிங் ஓட்டையில் அடைந்திருக்கும் பஞ்சு ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். அதில் சரியாகவில்லை என்றால், வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டு இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் சார்ஜிங் போர்ட்டும் மைக்கும் கீழே உள்ள ஒரே சின்ன போர்டில் இருக்கும். கடைகளில் அதை சிசி போர்டு என்போம். அங்கிருந்து மேலே மெயின் போர்டுக்குப் போகும் பட்டையான ஃப்ளெக்ஸ் கேபிள் பேட்டரியின் மேலேயே ஓடும். பேட்டரியை எடுக்க அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சார்ஜும் ஏறவில்லை, குரலும் பதியவில்லை என்றால் அந்த ஃப்ளெக்ஸ் சரியாக உட்காரவில்லை, அல்லது கிழிந்திருக்கிறது.

தையல் வேலை செய்யும் ஓர் அக்கா கொண்டுவந்த போனில் மைக் நன்றாகவே இருந்தது. "மின்னல் குறி வருது தம்பி, பர்சன்ட் மட்டும் ஏறவே மாட்டேங்குது" என்றார். பேட்டரி விவரம் காட்டும் ஆப்பைத் திறந்தேன். புழுங்கித் தள்ளும் மதியத்தில் பேட்டரி வெப்பநிலை மைனஸில் இருந்தது.

பேட்டரி கனெக்டரில் பிளஸ், மைனஸ் மட்டுமல்ல, வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டருக்கும் ஒரு பின் உண்டு. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அந்த இணைப்பு விட்டுப்போனால் மின்தடை எல்லையில்லாமல் இருப்பதாகத் தெரியும். உறைபனியில் கிடக்கிறோம் என்று போன் முடிவு கட்டிவிடும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும் என்பதால் போன் மறுப்பது சரிதான். லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். மெயின் போர்டின் சாக்கெட்டில் முடி அளவுள்ள ஒரு பின் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. உலோக நெம்பியால் கனெக்டரைக் கிளப்பியதன் தழும்பும் பக்கத்திலேயே இருந்தது. ஊசி முனையால் பின்னை நிமிர்த்தி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டினேன். வெப்பநிலை 33 டிகிரி காட்டியது, சார்ஜ் ஏறத் தொடங்கியது. இதற்கா புதுப் போன்?

புதுப் பேட்டரியே காரணமாக இருப்பதும் உண்டு. நெடுநாள் அலமாரியில் கிடந்த பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தால், அதனுள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துவிடும். சாதாரண சார்ஜரில் அரைமணி நேரம் போட்டு வையுங்கள். போன் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கொடுத்து எழுப்பப் பார்க்கும். அப்போதும் எழவில்லை என்றால் அந்தப் பேட்டரியைத் திருப்பிக் கொடுங்கள். சிலர் வெளியிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுத்து "பூஸ்ட்" செய்து தருவார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். மிகவும் இறங்கிய செல்லில் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரைந்திருக்கலாம். மறுபடி ஏற்றும்போது அந்தச் செம்பு படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். தலையணைப் பக்கத்தில் வைத்துத் தூங்கும் பொருள் அது.

பேட்டரி மாற்றக் கொடுக்கும்போதே, பழையதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். அது உப்பவில்லை, நசுங்கவில்லை என்றால், தகராறு வரும்போது அதையே மாட்டிப் பார்க்கலாம். பழையதில் சார்ஜ் ஏறினால் குறை புதுப் பேட்டரியில். அதிலும் ஏறவில்லை என்றால் கனெக்டரையும் ஃப்ளெக்ஸையும் பார்க்கச் சொல்லுங்கள். உப்பிய பேட்டரியை மட்டும் மாட்டவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.