மோட்டார் வண்டியின் முகப்புப் பலகை விளக்குகள்: பழுதும் பரிசோதனையும்

மேற்கு வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள உத்தர்பாராவில் 1958-ஆம் ஆண்டு தொடங்கி 2014-ஆம் ஆண்டு வரை அம்பாசிடர் கார் உற்பத்தி செய்யப்பட்டது. பிரிட்டனில் செய்யப்பட்ட மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரே அதற்கு மூலமாகும். உற்பத்தி நின்றுபோன பின்னரும் இவ்வண்டியையும் இதனையொத்த பிற பழைய வண்டிகளையும் பேணி ஓட்டுவோர் பலர் உளர். இத்தகைய வண்டிகளில் அடிக்கடி தோன்றும் குறைகளுள் ஒன்று, ஓட்டுபவரின் முன்னுள்ள முகப்புப் பலகை விளக்குகள் மங்குவதும் அணைவதும் ஆகும்.

இக்குறை சிறிதென எண்ணிப் பலர் வாளாவிருந்துவிடுகின்றனர். வேறு சிலர் பல்பை மாற்றிப் பார்த்து, பயன் காணாது கைவிடுகின்றனர். ஆயினும் இவ்விளக்குகளுள் சில, எஞ்சினுக்கு வரும் தீங்கை முன்னறிவிப்பவை. ஒளி தருவதற்கென அமைந்த விளக்கு அணைந்தால் அளவிகளைப் படிக்க இயலாது. எச்சரிப்பதற்கென அமைந்த விளக்கு அணைந்து கிடந்தாலோ, ஆபத்து இல்லை என்ற பொய்யான நம்பிக்கை உண்டாகும். ஆகவே இவ்விரு வகையையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

மின்னோட்டம் செல்லும் வழி

பாட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் விளக்கு ஸ்விட்சை அடைகிறது. அந்த ஸ்விட்சு பக்க விளக்குகளுக்குரிய நிலையில் திருப்பப்பட்டதும், மின்னோட்டத்தின் ஒரு பகுதி பலகை விளக்குகளுக்கான தனி ஸ்விட்சு வழியாகவோ, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட் வழியாகவோ சென்று பல்பின் இழையை அடைகிறது. அங்கிருந்து பாட்டரிக்குத் திரும்பத் தனிக் கம்பி பெரும்பாலும் இல்லை. வண்டியின் இரும்புடலே திரும்பும் வழியாகப் பயன்படுகிறது. இதனையே தொழிலாளர் ‘எர்த்து’ என்பர்.

ஆகவே சுற்று இரண்டு பாதிகளை உடையது. பாட்டரியிலிருந்து பல்பு வரை கம்பிகளால் அமைந்தது ஒரு பாதி. பல்பிலிருந்து பாட்டரி வரை இரும்பால் அமைந்தது மற்றொரு பாதி. முதற்பாதியை யாவரும் சோதிக்கின்றனர். இரண்டாம் பாதியை மறந்துவிடுகின்றனர். பழைய வண்டியில் துரு ஏறுவதும் வண்ணப்பூச்சு இடைப்படுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியிலேயே ஆகும்.

அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் கம்பிகளின் நிறம் ஒரு முறைப்படி அமைந்திருந்தது. பக்க விளக்குகளுக்குச் சிவப்பு, பலகை விளக்குகளுக்கு வெள்ளைக் கோடிட்ட சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு என்பன அம்முறையாகும். ஆயினும் நெடுங்காலம் பலர் கைபட்ட வண்டியில் நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது.

மங்கலுக்குக் காரணம்

இவ்வண்டிகளின் பலகை விளக்குகளில் வழக்கமாக இடப்படும் சிறு பல்பு 12 வோல்ட், 2.2 வாட் அளவுடையது. 2.2-ஐ 12-ஆல் வகுத்தால், அதில் ஓடும் மின்னோட்டம் ஏறக்குறைய 0.18 ஆம்பியர் எனப் பெறப்படும். எரியும் நிலையில் அதன் தடை ஏறக்குறைய 65 ஓம்.

நான்கு பல்புகள் ஒரே எர்த்து இணைப்பைப் பகிர்ந்து கொள்வதாகக் கருதுவோம். அந்த இணைப்பில் துரு படிந்து 3 ஓம் தடை ஏற்பட்டுவிட்டது. நான்கு பல்புகளின் மின்னோட்டமும் அத்தடையின் வழியே செல்ல வேண்டியிருப்பதால், அங்கே ஏறக்குறைய 2 வோல்ட் வீணாகிறது. பல்புகளுக்குக் கிடைப்பது 10 வோல்ட் மட்டுமே. அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்ததற்கு ஒளியும் ஆறில் ஒரு பங்கே குறையும் என எண்ணுதல் பிழை. இழை பல்பின் ஒளி, அழுத்தத்தைக் காட்டிலும் மிக விரைவாகக் குறையும் இயல்புடையது. 10 வோல்ட்டில் ஒளி ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. 6 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கே எஞ்சுகிறது. கண்ணுக்குப் புலப்படாத சிறு துரு பலகை முழுவதையும் மங்கச் செய்வது இவ்வாறே.

பரிசோதிக்கும் முறை

முதலாவதாக, கருவியைத் தொடுமுன் கவனித்தல் வேண்டும். ஒரு விளக்கு மட்டும் அணைந்திருப்பின், குறை அந்தப் பல்பிலோ அதன் ஹோல்டரிலோ இருக்கும். பலகை விளக்குகள் யாவும் அணைந்து, பக்க விளக்குகள் எரியுமாயின், பலகை ஸ்விட்சு, ரியோஸ்டாட், பொது எர்த்து ஆகியவற்றை ஐயுறலாம். பக்க விளக்குகளும் சேர்ந்து அணைந்திருப்பின், விளக்கு ஸ்விட்சையும் அதற்கு முந்திய பகுதியையும் நோக்குதல் வேண்டும்.

இன்னோர் அடையாளமும் உண்டு. பலகை விளக்குகளைப் போட்டதும் அவை எரியாமல், முன்விளக்கின் நெடுங்கதிரைக் காட்டும் சிறு விளக்கு மட்டும் ஒளிருமாயின், பொது எர்த்து அறுபட்டிருக்கலாம் எனக் கருத வேண்டும். தன் வழியை இழந்த மின்னோட்டம், அச்சிறு விளக்கின் வழியாகவும் முன்விளக்கின் இழை வழியாகவும் சுற்றித் திரும்புவதே இதற்குக் காரணம்.

இரண்டாவதாக, பலகையின் பின்புறம் கையை நுழைக்குமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுதல் இன்றியமையாதது. அங்கே காப்பில்லாத முனைகள் பல உள்ளன. மோதிரமோ கைக்கடிகாரச் சங்கிலியோ அவற்றில் பட்டால் கை வெந்துபோகும். பல்பைக் கழற்றி இழையைப் பார்த்து, ஹோல்டரில் படிந்த களிம்பை மெல்லிய உப்புத்தாளால் துடைத்தல் வேண்டும். ரியோஸ்டாட்டைப் பலமுறை இருபுறமும் திருப்பினால், நெடுநாள் அசையாதிருந்த தொடுமுனை துப்புரவாவதும் உண்டு.

மூன்றாவதாக, பாட்டரியை மீண்டும் இணைத்து மல்டிமீட்டரால் அழுத்தத்தை அளத்தல் வேண்டும். இங்கே பலர் ஒரு தவறு செய்கின்றனர். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளக்கின்றனர். மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. சுற்றில் குறையில்லை என முடிவு செய்கின்றனர். மீட்டரின் வழியே செல்லும் மின்னோட்டம் மிக நுண்ணியது. அவ்வளவு சிறிய மின்னோட்டத்தால் துருவின் தடையில் அழுத்தம் வீணாவதில்லை. ஆதலின் கெட்ட இணைப்பும் நல்ல இணைப்பைப் போலத் தோன்றும். பல்பு சுற்றில் இருந்து ஸ்விட்சும் போடப்பட்டிருக்கும்போது அளந்தால்தான் உண்மை வெளிப்படும்.

அந்நிலையில் மீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் உலோகப் பகுதியிலும், மறுமுனையைப் பாட்டரியின் எர்த்து முனையிலும் வைத்தல் வேண்டும். ஏறக்குறைய சுழி காட்டினால் எர்த்து நன்று. இரண்டு, மூன்று வோல்ட் காட்டினால் குறை அங்கேயே உள்ளது. ஹோல்டருக்கும் வண்டியுடலின் சுரண்டப்பட்ட பகுதிக்கும் இடையே ஒரு கம்பியை வைத்துப் பார்த்தால், விளக்கு உடனே பிரகாசித்து இம்முடிவை உறுதிப்படுத்தும்.

பியூசும் புதிய பல்பும்

அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இரண்டு பியூசுகளே இருந்தன. விளக்குச் சுற்றுக்குப் பெரும்பாலும் பியூசு இல்லை. கம்பியின் காப்பு தேய்ந்து இரும்பில் பட்டால், பாட்டரியின் ஆற்றல் முழுவதும் அக்கம்பியில் பாய்ந்து தீப்பற்றக்கூடும். ஆகவே பியூசு இல்லாத சுற்றில் ஒன்றைச் சேர்ப்பது நலம். பியூசு உருகினால் அதனிடத்தில் செப்புக் கம்பியையோ ஈயத்தாளையோ வைத்தல் ஒருகாலும் கூடாது. பழைய லூக்காஸ் பியூசில் 35 ஆம்பியர் என்று குறிக்கப்பட்டது அது உருகும் அளவாகும். அது தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியரே. இக்கால பியூசுகளில் குறிக்கப்படுவது தாங்கும் அளவாதலால், எண்ணை மட்டும் ஒப்பிட்டு 35 ஆம்பியர் பியூசை இடுவது பாதுகாப்பைக் குலைப்பதாகும்.

இழை பல்புக்குப் பதிலாக எல்.ஈ.டி. பல்பை இடுவோரும் இன்று உளர். 1960-களின் இடைப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே வண்டியுடலுடன் இணைந்திருந்தது. இழை பல்புக்குத் திசை ஒன்றே; எல்.ஈ.டி.யோ ஒரு திசையில் மட்டுமே எரியும். புதிய பல்பு எரியாதபோது, பாட்டரியின் எம்முனை உடலுடன் சேர்ந்துள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

எச்சரிக்கை விளக்குகள்

டைனமோ பொருத்திய வண்டியில், மின்னேற்ற எச்சரிக்கை விளக்கின் ஒரு முனை சாவி ஸ்விட்சுடனும் மறுமுனை டைனமோவுடனும் இணைந்துள்ளது. டைனமோ சுழலாதபோது அதன் வழியே மின்னோட்டம் எர்த்தை அடைய, விளக்கு எரிகிறது. டைனமோ சுழன்று பாட்டரிக்கு இணையான அழுத்தத்தைத் தந்ததும், இரு முனைகளிலும் அழுத்தம் சமமாகி விளக்கு அணைகிறது.

எண்ணெய் அழுத்த விளக்கு பொருத்திய வண்டியில், அழுத்தம் குறைந்தபோது எஞ்சினிலுள்ள ஸ்விட்சு மூடிக்கொண்டு விளக்கை எரியச் செய்கிறது. இதன் பல்பு கெட்டிருப்பின், எண்ணெய் முற்றும் வடிந்துபோன வேளையிலும் விளக்கு இருண்டே கிடக்கும். ஓட்டுபவர் ஐயமின்றி ஓட்டிச் செல்வார்; சில நிமிடங்களில் பேரிங்குகள் உராய்ந்து எஞ்சின் பாழாகும். சில ரூபாய் பெறுமான பல்பு காக்கத் தவறியதைப் பெரும்பொருள் செலவிட்டு மீட்க நேரும்.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. நாள்தோறும் எஞ்சினைக் கிளப்புமுன் சாவியைத் திருப்பியவுடன் இவ்விரு விளக்குகளும் எரிகின்றனவா என நோக்குதல் வேண்டும். எண்ணெய் விளக்கு எரியவில்லையாயின், எஞ்சின் ஸ்விட்சிலுள்ள கம்பியைக் கழற்றி எஞ்சினின் சுத்தமான உலோகத்தில் தொடுக. விளக்கு எரிந்தால் குறை ஸ்விட்சில். எரியாவிடின் பல்பிலோ கம்பியிலோ ஆகும். எஞ்சின் ஓடும்போது அணைந்திருக்கும் விளக்கை நம்பலாம் என்ற உரிமை, கிளப்புமுன் அது எரிந்ததைக் கண்டவருக்கே உண்டு.