கண் கூசாத திரை

திருவொற்றியூரில் எங்கள் பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தட்டச்சு செய்யும்போது திரையைப் பார்க்கவே தயங்கினாள். "வெள்ளை கண்ணு கூசுது டீச்சர்" என்றாள்.

லிபர் ஆபிஸ் ரைட்டரில் 'டூல்ஸ் – ஆப்ஷன்ஸ் – லிபர் ஆபிஸ் – அப்ளிகேஷன் கலர்ஸ்' சென்று, 'டாக்குமெண்ட் பேக்ரவுண்ட்' நிறத்தைக் கறுப்பாக்கினேன். எழுத்தின் நிறம் 'ஆட்டோமேட்டிக்' என்றிருந்ததால் தானாகவே வெள்ளையானது. இம்மாற்றம் திரைக்கு மட்டுமே. அச்சில் வழக்கம்போல் கறுப்பு எழுத்தே வரும்.

ஆனால், நான் தயாரித்த பயிற்சித்தாளைத் திறந்தபோது எழுத்துகளே தெரியவில்லை. அதில் கறுப்பு நிறத்தை நானே தேர்வு செய்து வைத்திருந்தேன்!

எனவே, மாணவர்களுக்கான கோப்புகளில் எழுத்து நிறத்தை 'ஆட்டோமேட்டிக்' ஆகவே விடுவோம். முக்கியச் சொற்களைத் தடித்த எழுத்தில் காட்டுவோம். அது எந்தப் பின்னணியிலும் தெரியும்.