தலாக்கின்போது பொருள் யாருக்கு?



கணவன் மனைவி சேர்ந்து வாழ்ந்தால் நல்ல முறையில் வாழ வேண்டும், பிரிந்தால் அழகிய முறையில் பிரிய வேண்டும் என்று அல்லாஹ் தஆலா கட்டளையிட்டுள்ளான் (2:229). சேரும்போது பந்தல் போட்டு விருந்து வைக்கும் நாம், பிரியும்போது அந்த அழகைக் காப்பாற்றுகிறோமா? பவுன் எத்தனை, பாத்திரம் எத்தனை என்ற பேச்சு வந்ததும் இரண்டு குடும்பங்களும் ஹலால் ஹராமை மறந்து விடுகின்றன. ஆகவே இம்மாதம் இந்த மஸ்அலாவைத் தெளிவாகப் பார்ப்போம்.

முதலில் அடிப்படையை விளங்கிக் கொள்ள வேண்டும். நிக்காஹ் இருவருடைய சொத்தையும் ஒன்றாக்கி விடாது. ஆண் சம்பாதித்தது ஆணுக்கு, பெண் சம்பாதித்தது பெண்ணுக்கு என்பது திருமறை காட்டும் நெறி (4:32). ஆகவே தலாக்கின்போது மொத்தச் சொத்தையும் இரண்டாக வெட்டுவது நமது சட்டமல்ல. அவரவருடையதை அவரவரிடம் ஒப்படைப்பதே சட்டம்.

மஹர்

மஹர் மனைவியின் தனிச் சொத்து. கொடுக்காமல் நிலுவையில் வைத்திருந்தால் அது கணவன் மீதுள்ள கடன். கூடி வாழ்ந்த பின் தலாக் விட்டால் முழு மஹரும் கொடுக்க வேண்டும். மஹரை நிர்ணயித்து, கூடுவதற்கு முன்பே தலாக் விட்டால் பாதி கொடுக்க வேண்டும் (2:237). ஒரு குவியல் பொன்னையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்கக் கூடாது என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (4:20).

இங்கே நம்முடைய தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு மஹல்லாவின் பஞ்சாயத்தில் நாம் உட்கார்ந்திருந்தோம். மஹரை மன்னித்து விட்டேன் என்று எழுதிய காகிதத்தை உரக்கப் படித்துவிட்டு, திரைக்குப் பின்னாலிருந்த பெண்ணிடம், "சம்மதம்தானா அம்மா?" என்று கேட்டோம். பதில் வரவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். பிறகு அந்தப் பெண்ணின் தாயார் நம் வீட்டுக்கு வந்தார். "ஹஜ்ரத், மஹரை மன்னித்தால்தான் பிள்ளையைக் கண்ணில் காட்டுவோம் என்றார்கள். அவள் வேறு என்ன செய்வாள்?" என்று கேட்டார். நமக்கு வாயடைத்துப் போயிற்று. உடனே அந்த ஜமாஅத்தாரிடம் சென்று, அந்தக் காகிதத்தை ஆதாரமாக வைக்கக் கூடாது என்று சொன்னோம். மஹரில் ஒரு பகுதிதான் வந்து சேர்ந்தது. மீதி இன்றும் நம் நெஞ்சில் பாரமாக இருக்கிறது.

நிக்காஹில் கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதமாகும். மஹர் மன்னிப்பில் மௌனம் மன்னிப்பாகாது. மனம் விரும்பித் தந்தால்தான் கணவனுக்கு ஹலால் (4:4). அன்றிலிருந்து பெண்ணை அவளுடைய வலீயுடன் தனியே வைத்து, பிள்ளையைப் பற்றிய பேச்சைத் தனியாகவும் மஹரைத் தனியாகவும் கேட்காமல் நாம் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடுவதில்லை.

பெண் தானாகவே பிரிவை விரும்பினால் அது குல்உ. ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி பிரிவை வேண்டியபோது, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்து பெருமானார் (ஸல்) அவர்கள் விடுவித்தார்கள். ஆனால் கணவன் வேண்டுமென்றே கொடுமைப்படுத்தி, அவளாகவே குல்உ கேட்கும்படி செய்து மஹரைப் பறிப்பது பாவம். இதைத் திருமறை வெளிப்படையாகத் தடுக்கிறது (4:19).

நகையும் சீரும்

பிறந்த வீட்டார் போட்ட நகை, கொடுத்த பண்டம் பாத்திரம், கட்டில் பீரோ எல்லாம் பெண்ணுடையவை. கணவன் அன்பளிப்பாகக் கொடுத்து அவள் கைக்கு வந்த நகையும் அவளுடையதே. கணவன் மனைவிக்குக் கொடுத்து ஒப்படைத்த அன்பளிப்பைத் திரும்பப் பெற முடியாது என்பதில் ஹனபீ, ஷாபிஈ இரண்டு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. அணிந்து கொள்ள மட்டும் இரவலாகக் கொடுத்ததாக இருந்தால் அதை அவன் நிரூபிக்க வேண்டும்.

மனைவியின் 15 பவுனை வாங்கி அடகு வைத்துக் கடை போட்டவர் என்ன செய்வது? மீட்டுக் கொடுக்க வேண்டும். கடனாக வாங்கி விற்றிருந்தால் எடைக்கு எடை கொடுக்க வேண்டும். விற்ற அன்றைய விலையைக் கணக்குப் போட்டுத் தப்பிக்க நினைப்பது நியாயமல்ல.

கைக்கூலியாக வாங்கிய ரொக்கத்துக்கு மார்க்கத்தில் இடமே இல்லை. அதைத் திருப்பித் தருவது கடமை. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டமும் அதைப் பெண்ணிடம் சேர்க்கச் சொல்கிறது.

வீடும் சம்பாத்தியமும்

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். அந்த வீடு பெண்ணுடையது. ஆனால் கணவன் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் அதே வீட்டில் மாடி கட்டியிருப்பான். அங்கே அவனுக்கும் நியாயம் வேண்டும். அன்பளிப்பாகக் கட்டினானா, கடனாகக் கொடுத்தானா, பங்குக்குப் போட்டானா என்று பார்க்க வேண்டும். வாதிப்பவர் ஆதாரம் கொண்டுவர வேண்டும், மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது நபிவழி. அதேபோல் கணவன் பெயரில் வாங்கிய மனையில் மனைவியின் சம்பளமோ நகையோ சேர்ந்திருந்தால், பத்திரத்தில் பெயர் இல்லை என்பதற்காக அவள் போட்ட பணம் அழிந்து போகாது.

மலேசியாவில் திருமண வாழ்வில் சேர்ந்த சொத்தை ஷரீஅத் நீதிமன்றங்கள் தனியாகக் கணக்கிட்டு, மனைவியின் வீட்டு உழைப்பையும் கருதிப் பங்கிடுகின்றன. நம் நாட்டில் அந்த ஏற்பாடு இல்லை. ஆகவே பணம் போடும்போதே எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு.

வீட்டுச் சாமான்களில் இது யாருடையது என்ற தகராறு வந்து ஆதாரமும் இல்லையென்றால், ஷாபிஈ மத்ஹபில் இருவரும் சத்தியம் செய்து பாதிப் பாதியாகப் பிரித்துக் கொள்வர். ஹனபீ மத்ஹபில் பெண்களுக்குரிய பொருளில் மனைவியின் சொல்லும், ஆண்களுக்குரிய பொருளில் கணவனின் சொல்லும் சத்தியத்துடன் ஏற்கப்படும்.

இத்தாவும் முத்ஆவும்

மீட்கக்கூடிய தலாக்கின் இத்தாவில் உணவும் உடையும் இருப்பிடமும் கணவன் பொறுப்பு. கர்ப்பிணியாக இருந்தால் பிரசவம் வரை கொடுக்க வேண்டும் (65:6). மீட்க முடியாத தலாக்கில், ஹனபீ மத்ஹபில் செலவும் இருப்பிடமும் உண்டு. ஷாபிஈ மத்ஹபில் கர்ப்பிணி அல்லாதவளுக்கு இருப்பிடம் மட்டும் உண்டு. பிள்ளைகளின் செலவு எந்நிலையிலும் தகப்பன் மீதே.

முத்ஆ என்பது பிரியும்போது கொடுக்கும் பொருள். தலாக் விடப்பட்ட பெண்களுக்கு நியாயமான முறையில் அதைக் கொடுப்பது இறையச்சமுடையோர் மீது கடமை என்பது திருமறையின் கருத்து (2:241). கூடி வாழ்ந்த மனைவிக்குக் கணவன் தலாக் விட்டால் இது வாஜிப் என்கிறது ஷாபிஈ மத்ஹபு, விரும்பத்தக்கது என்கிறது ஹனபீ மத்ஹபு. கடமையோ விருப்பமோ, நம் ஊர்களில் இது அநேகமாக மறக்கப்பட்டே போயிற்று.

நாட்டுச் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் மஹரையும், திருமணத்துக்கு முன்னும் பின்னும் அவளுக்குக் கொடுக்கப்பட்ட பொருள்களையும் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. இத்தா காலத்துக்குள் கொடுக்கும் தொகை அவளுடைய எதிர்காலத்துக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்று 2001-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுச் சட்டப்படியும் அவள் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. அல்லாஹ்வுக்கு அஞ்சி நாமே கொடுத்து விட்டால் கோர்ட் வாசல் ஏறும் அவசியம் எங்கே வரும்?

முடிவாக

நிக்காஹ் அன்றே மஹருடன் நகை, சீர் ஆகியவற்றின் பட்டியலையும் எழுதி, இரு வீட்டாரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மங்கல நேரத்தில் இது எதற்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். கடனை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது (2:282). மஹரை நிலுவையில் வைத்திருக்கும் கணவன்மார்களே, தலாக்குக்கோ மௌத்துக்கோ காத்திராமல் சந்தோஷமாக வாழும் இன்றே கொடுத்து விடுங்கள்.

பிறர் பொருளைச் சுமந்து கொண்டு மஹ்ஷரில் நிற்பதை விட்டும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.