அரிசிக் கோல நிறங்களில் ஒரு சின்ன மண்டலா

அலோர் காஜா வட்டாரத்தில், காடெக், தெபோங் பக்கத்துத் தோட்ட லயங்களில் வளர்ந்தவர்களுக்கு குரோஷே புதிதல்ல. வானொலிப் பெட்டியின் மேல் வெள்ளை நூல் விரிப்பு கிடந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். இப்போது அதே ஊசியில் வண்ண வண்ணமாக மண்டலா பின்னுகிறார்கள். ஒரு கை அகல வட்டம் போதும். சாமி மேடையில் விளக்குத் தட்டின் அடியிலும் விரிக்கலாம், மைலோ குவளைக்கு அடியிலும் வைக்கலாம்.

1. நூல் பருத்தியாக இருக்கட்டும். கடைகளில் 'மில்க் காட்டன்' என்று விற்கும் உருண்டைகள் பலவற்றில் அக்ரிலிக் கலந்திருக்கும், லேபலைப் பாருங்கள். லேபல் தொலைந்துபோன நூலென்றால், விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கடினமான மணியாகச் சுருளும். அதைச் சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்கவே கூடாது.

2. ஐந்து இழை நூலுக்கு 3.5 மி.மீ. ஊசி சரியாக வரும். ஜப்பானிய ஊசிகளில் இதற்கு 6/0 என்று போட்டிருக்கும்; 5/0 என்றால் 3 மி.மீ., 7/0 என்றால் 4 மி.மீ.

3. வீடியோ பார்த்துப் பின்னுகிறவர்கள், சொல்லித் தருபவர் அமெரிக்க முறையா, பிரிட்டிஷ் முறையா என்று முதலில் கவனியுங்கள். அமெரிக்கர் 'டபுள் குரோஷே' என்பதைத்தான் பிரிட்டிஷார் 'டிரெபிள்' என்கிறார்கள். இதைக் கலந்துவிட்டால் வட்டம் எந்தக் கணக்குக்கும் அடங்காது. கீழே சொல்வதெல்லாம் அமெரிக்க முறை.

4. வட்டம் தட்டையாகப் படிய ஒரே கணக்குதான்: டபுள் குரோஷேயில் பின்னினால் சுற்றுக்குச் சுற்று 12 தையல் கூட வேண்டும். மேஜிக் ரிங் போட்டு 3 செயின் ஏற்றுங்கள். அந்த 3 செயினும் சேர்ந்து ஒரு தையல். அதோடு 11 டபுள் குரோஷே போட்டு, ஸ்லிப் ஸ்டிச்சில் மூடினால் முதல் சுற்று 12. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டு, ஆக 24. மூன்றாவதில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாறி மாறி, 36. நான்காவதில் ஒன்று, ஒன்று, இரண்டு, 48. சுற்று முடியும்போதெல்லாம் எண்ணுங்கள். பேச்சு சுவாரசியத்தில் எண்ணிக்கை தவறும் என்றால் 12 தையலுக்கு ஓர் ஊக்கு மாட்டிவையுங்கள். சிங்கிள் குரோஷேயில் பின்னுகிறவர்களுக்குச் சுற்றுக்கு 6 கூடினால் போதும், தையல் குட்டை என்பதால்.

5. ஓரம் பாவாடைக் கொசுவம்போல் அலை அலையாக எழுந்தால் தையல் அதிகம். கிண்ணமாகக் குழிந்தால் தையல் குறைவு, அல்லது கை இறுக்கம். எண்ணிக்கை சரியாக இருந்தும் குழிகிறதென்றால் ஊசியை அரை மி.மீ. பெரிதாக்குங்கள். அடுத்த சுற்றில் சரியாகிவிடும் என்று மேலே போகாதீர்கள். ஒரு சுற்றைப் பிரிப்பது எளிது, மூன்றைப் பிரிப்பது வேதனை.

6. இரட்டிக்கும் தையல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் வட்டத்துக்கு மூலைகள் முளைக்கும். அதனால் ஒவ்வொரு சுற்றையும் வேறு வேறு இடத்தில் தொடங்குங்கள். நிறம் மாற்றும்போது இது இன்னும் சுலபம். சுற்று சேரும் தடமும் ஒரே கோடாகத் தெரியாது.

7. நிறத்துக்குத் தீபாவளி அரிசிக் கோலத்தைவிட நல்ல வழிகாட்டி நமக்கு வேறில்லை. அடர்நிறத்துக்குப் பக்கத்தில் வெளிர்நிறம் இருந்தால்தான் கோடு தெரியும். உருண்டைகளைச் சேர்த்து வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டு நிறம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அவை அடுத்தடுத்து வரக் கூடாது. சிவப்பும் பச்சையும்தான் இதில் அதிகம் ஏமாற்றும். அடர்சிவப்பு நூலை முதலில் ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா என்றும் பாருங்கள்.

8. ஐந்தாம் சுற்று இதழ்கள். ஒரு சிங்கிள் குரோஷே, இரண்டு தையல் விட்டு அடுத்ததில் 7 டபுள் குரோஷே, மறுபடி இரண்டு விட்டு ஒரு சிங்கிள். 48 தையலுக்குச் சரியாக 8 இதழ் வரும். மண்டலா ஏறக்குறைய 11, 12 செ.மீ. அகலம் இருக்கும்.

9. நூல் முனைகளை முடிச்சுப் போட்டு வெட்டாதீர்கள். 15 செ.மீ. விட்டு வெட்டி, மழுங்கிய ஊசியில் கோத்து, அதே நிறத் தையல்களுக்குள் ஒரு பக்கம் போய், திரும்பி எதிர்ப்பக்கமும் வரச் செருகுங்கள். நடு வளைய முனைக்கு இன்னும் கவனம் வேண்டும். அது நழுவினால் துவைக்கும்போது மண்டலாவின் நடுவே ஓட்டை விழும்.

10. சேர்ந்து பின்னுவதில் பெரிய பலன் உண்டு. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் ஆளுக்குக் கொஞ்சமாகப் பின்னி இணைத்த போர்வை 2016 ஜனவரியில் கின்னஸ் சாதனையானது. அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். நம் தாமானில் நாலு பேர் ஆளுக்கு ஆறு மண்டலா பின்னினால், கல்யாண மேசைக்கு ஒரு நீள விரிப்பு வந்துவிடும்.

11. விறைப்பாக நிற்கக் கஞ்சி போடுங்கள். சோறு வடித்த கஞ்சியை வடிகட்டி, நீர் கலந்து, மண்டலாவை நனைத்துப் பிழியாமல் அழுத்தி எடுங்கள். பிள்ளைகள் விளையாடும் ஸ்பஞ்சுப் பாயில் ஒவ்வோர் இதழையும் இழுத்துக் குண்டூசி குத்துங்கள். துருப்பிடிக்காத குண்டூசியே வேண்டும்; துருக்கறை போகாது. காலையிலேயே வெயிலில் வையுங்கள். மத்தியான மழைக்குள் முழுக்கக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கஞ்சி போட்டதை அலமாரியில் திறந்து வைத்தால் கரப்பான் தேடி வரும், மூடிய டப்பாவில் வையுங்கள்.

12. விளக்கெண்ணெய் சிந்தினால் உடனே அரிசி மாவைத் தூவி, அரை மணி கழித்துத் தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தால் மெல்லக் கசக்குங்கள். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். அலசி, ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துவிடும். நூலின் சாயமும் வெளுக்காமலிருக்க, கறை போனதும் நிழலுக்கு மாற்றுங்கள்.