கறாரா, கனிவா?

கேள்வி: விரட்டி வேலை வாங்கும் முதலாளி, தட்டிக்கொடுத்து வேலை வாங்கும் முதலாளி. யாருடைய கம்பெனி உருப்படும்?

பதில்: ஒரே ஆட்களிடம் இரண்டு விதமான நிர்வாகத்தையும் பார்த்த ஆலை ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலை. என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது என்பதுதான் அங்கே வேதவாக்கு. கோளாறுள்ள காரும் நகர்ந்துகொண்டே இருக்கும். கடைசியில் ஓரங்கட்டி ரிப்பேர் பார்ப்பார்கள். சொல்லாமல் லீவு, வேலை நேரத்தில் குடி, ஓயாத தகராறு. 1982-ல் இழுத்து மூடினார்கள்.

1984-ல் டொயோட்டா ஜெனரல் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து அதைத் திறந்தது. எடுத்த ஆட்களில் பெரும்பாலோர் பழையவர்களே, தொழிற்சங்கமும் அதேதான். ஆனால் இப்போது தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கியது. சந்தேகம் வந்தால் யாரும் இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடிவந்து ‘என்ன பிரச்சினை?’ என்பார், தீராவிட்டால் லைன் நிற்கும். சீக்கிரமே கார்களின் தரம் ஜப்பானிய ஆலைகளுக்கு இணையாக வந்துவிட்டது.

இதைக் கனிவு என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் கை எப்போது எதை எடுக்க வேண்டும் என்பதுவரை டொயோட்டா வரையறுத்தது. வேலையில் அவ்வளவு கறார். ஆளை மட்டும் நம்பியது. என் ஓட்டு இந்தக் கலவைக்கே.

காப்பியடிப்பதும் லேசல்ல. லாஸ் ஏஞ்சலிஸின் வான் நைஸ் ஆலையில் ஜெனரல் மோட்டார்ஸ் இதே முறையை முயன்றது. தொழிலாளி லைனை நிறுத்துவதை அங்கிருந்த மேலாளர்களாலேயே ஜீரணிக்க முடியவில்லை. 1992-ல் அந்த ஆலையும் மூடப்பட்டது.