படிக்கட்டும் நாற்காலியும்

உடற்பயிற்சியைப் பற்றி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் என் வகுப்புத் தோழர்கள் சிரித்துவிட்டார்கள். விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்தில் கடைசியாக வந்தவனுக்கு இந்த ஆசை எதற்கு என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். சென்ற ஆண்டு என் தந்தையாருக்கு மாரடைப்பு வந்தது, பிழைத்துக்கொண்டார். அவர் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். முப்பது ஆண்டுகளாக நாற்காலியில் அமர்ந்து கோப்புப் பார்ப்பவர். அவருடைய தந்தை, அதாவது என் தாத்தா, ரோடியர் ஆலையில் தறி ஓட்டியவர். எண்பது வயதைத் தாண்டியும் சைக்கிள் மிதிக்கிறார். "நாங்க பட்ட பாடு இவன் படக்கூடாதுன்னுதான் படிக்க வெச்சோம். அதுவே வினையாப் போச்சு" என்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தாத்தா சொன்னார். அது உண்மையா என்று தேடப் போனதன் பயனே இக்கட்டுரை.

இலண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவ அறிஞர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அந்நகரின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டுக் கிழிக்க மாடிக்கும் கீழுக்குமாக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறுவார். ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே ஊதியம். ஏறத்தாழ 31,000 போக்குவரத்து ஊழியர்களை ஆராய்ந்து, 1953இல் 'லான்செட்' இதழில் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு, வந்தாலும் கடுமை குறைவு. (நம் ஊர்ப் பேருந்துகளுக்கு மாடி கிடையாது. நெரிசலில் நம் நடத்துநர் அசையக்கூட முடிவதில்லை என்பது வேறு செய்தி.)

இத்துடன் அவர் நின்றிருந்தால் நான் அவ்வளவாக வியந்திருக்க மாட்டேன். 1956இல் அவர் ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். கால்சட்டையின் இடுப்பளவில் ஓட்டுநர்களே பெருத்திருந்தார்கள். இளவயது ஓட்டுநர்களும் அப்படியே! அப்படியானால் வேலை அவர்களைப் பெருக்க வைத்ததா, அல்லது முன்பே பெருத்தவர்கள்தாம் அந்த வேலைக்குப் போனார்களா? தம் முடிவைத் தாமே சந்தேகிக்கும் இந்தப் பண்பைத்தான் நான் ஆராய்ச்சி என்று புரிந்துகொண்டேன்.

அதே 1956இல், பாரிஸில் பிறந்த ழான் மேயர் என்ற சத்துணவு அறிஞர், மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 பேரைப் பற்றிய ஆய்வைத் தம் இந்தியத் துணைவர்களோடு வெளியிட்டார். மூட்டை சுமப்பவர், எழுத்தர், கடையில் உட்கார்ந்திருப்பவர் எனப் பலரும் அதில் உண்டு. உழைப்பு கூடினால் உணவும் கூடியது, இதில் புதுமையில்லை. ஆனால் உழைப்பு மிகக் குறைந்தபோது உணவு குறையவில்லை. உட்கார்ந்தே இருந்தவர்கள், சற்று நடமாடியவர்களைவிட அதிகம் உண்டார்கள்; எடையும் அவர்களுக்கே கூடுதல். இதைப் படித்தபோது நான்கு அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்துடன் அலுவலகம் செல்லும் என் தந்தையார் கண்முன் வந்தார்.

அதற்காக ஆலை வேலையை ஆரோக்கியம் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெடும். விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். தாத்தாவின் கூட்டாளிகள் பலர் இருமியே மறைந்தார்கள். புதுவை ஆலைத் தொழிலாளர்கள் உரிமை கேட்டுப் போராடி, 1936 சூலை 30இல் பன்னிரண்டு பேரைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தார்கள். எட்டு மணி நேர வேலை மறு ஆண்டில் சட்டமாயிற்று. ஓய்வைப் பெற உயிர் கொடுத்த ஊரில், உழைப்பே மருந்து என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

சரி, பணியிடத்தில் பயிற்சித் திட்டம் வைத்தால் என்ன? தந்தையாரின் அலுவலகத்திலும் யோகா வகுப்பு வைத்தார்கள். வந்தவர்கள் யார்? ஏற்கெனவே தினமும் விடியலில் கடற்கரையில் நடப்பவர்கள். என் தந்தையாரும் அவரைப் போன்றவர்களும் கோப்புகளோடு இருந்துவிட்டார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 2016இல் தன் ஊழியர்கள் ஏறத்தாழ 5,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் உடல்நலத் திட்டத்தில் சேரும் வாய்ப்பளித்தது. சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டால் திட்டம் பெருவெற்றி போலத் தோன்றும். குலுக்கலில் வாய்ப்புப் பெற்றவர், பெறாதவர் என்று முறையாக ஒப்பிட்டால் மருத்துவச் செலவிலோ உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்வதிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நலமுள்ளவர்களே விரும்பி வருகிறார்கள். மோரிஸ் கால்சட்டையில் கண்ட அதே சிக்கல்!

இலண்டன் நடத்துநர் படியேறப் பெயர் கொடுத்துச் சேரவில்லை; படி அவருடைய வேலைக்குள்ளேயே இருந்தது. பள்ளியில் இதைச் செய்யலாம் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 1943 டிசம்பர் 2இல் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை தொடங்கிய பள்ளியில் உடற்கல்வி விருப்பப் பாடமன்று. கல்வியின் ஓர் அங்கம். வல்லவன், மெலிந்தவன், ஆண், பெண் என்ற பேதமின்றி எல்லாக் குழந்தைகளும் மைதானத்திற்கு வந்தாக வேண்டும். அன்னையே எழுபது வயதுக்குப் பின்னும் டென்னிஸ் ஆடினார்.

நான் படித்த பள்ளியின் கதை வேறு. வாரத்திற்கு நாற்பது நிமிடமாக இரண்டு பாடவேளை அட்டவணையில் இருந்தது. ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட இயக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதாவது வாரம் 420 நிமிடம். எங்களுக்கு எழுதப்பட்டதோ 80. பத்தாம் வகுப்பில் அந்த எண்பதையும் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொண்டார். உடற்கல்வி ஆசிரியர் மறுப்புச் சொல்லாமல் சாவியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். சென்னையில் ஹாரி பக் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி, இது தனிப் பயிற்சி வேண்டும் தொழில் என்று நிலைநாட்டி நூறாண்டு கடந்துவிட்டது. ஆனால் எங்கள் பள்ளியில் அவர் அணிவகுப்புக்கு விசில் ஊதுபவராகவே இருந்தார். நானும் ஓடக் கற்றுக்கொள்ளவில்லை.

மருத்துவர் சொற்படி தந்தையார் இப்போது மாலையில், வண்டிகளை நிறுத்திய பின், கடற்கரைச் சாலையில் நடக்கிறார். தாத்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உடன் வருகிறார். ஏறி மிதித்தால் மகன் பின்தங்கிவிடுவானாம்.